இமயத்துப் பாதையில் பெட்டியா, பையா?

மோட்டார் சைக்கிளில் நெடும்பயணம் போக விரும்புவோர் எந்த வண்டியில் போவது என்று மாதக்கணக்கில் ஆராய்வர். சுமையை எதில் கட்டுவது என்ற எண்ணமோ புறப்படுவதற்கு முதல் நாள் இரவில்தான் பிறக்கும். அந்த இரவில் செய்யும் பிழையின் விலையை மலைமேல்தான் கொடுக்க வேண்டியிருக்கும். கொடுத்துவிட்டு வந்தவன் என்ற முறையில் இதனை உங்களுக்கு எழுதுகின்றேன்.

2022 ஆகஸ்ட் மாதம் நானும் என் அண்ணன் மகனும் மணாலியிலிருந்து லடாக்கின் தலைநகரான லேவுக்குப் பயணமானோம். இருவரிடமும் ஒரே வகை வண்டி; நம் சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலையில் உருவாகும் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன். வேறுபாடு சுமையில்தான். அவன் வண்டியின் இருபுறமும் அலுமினியத் தகட்டுப் பெட்டிகள், பூட்டும் சாவியுமாகப் பளபளத்தன. என் வண்டியில் தடித்த நைலான் துணியில் தைத்த இரண்டு பைகள் வார்ப்பட்டைகளால் கட்டப்பட்டிருந்தன. "சாச்சா, இது கடைத்தெருவுக்குக் காய்கறி வாங்கப் போகிற பை மாதிரி இருக்கிறது" என்று அவன் சிரித்தான். அவன் தன் முதல் ஆண்டுச் சம்பளத்தில் சேமித்து வாங்கிய பெட்டிகள் அவை. ஆகவே நான் மறுமொழி கூறவில்லை.

வீட்டில் மீன் நிறுக்கும் தராசைக் கொண்டு எடை பார்த்தோம். அவனுடைய வெறும் பெட்டிகளும் அவற்றைத் தாங்கும் கம்பிச் சட்டமும் சேர்ந்து 16 கிலோ. என்னுடையவை சட்டத்தோடு 8 கிலோ. ஒரு சட்டை கூட வைக்காமலேயே அவன் வண்டி எட்டுக் கிலோ அதிகம் சுமந்தது. சமவெளியில் இது பெரிதாகத் தோன்றாது. ஐயாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். மனிதனைப் போலவே இயந்திரமும் அங்கே மூச்சு வாங்கும்.

மணாலியை விட்டால், 2020ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஒன்பது கிலோ மீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை ரோஹ்தாங் கணவாயின் அடியாக நம்மை லாஹௌல் பள்ளத்தாக்கில் கொண்டுபோய் விடுகிறது. மணாலியில் கொட்டிய மழை சுரங்கத்தின் மறுவாயிலில் இல்லை. அந்த மழையில் அவன் பெட்டிக்குள் ஒரு சொட்டு நீரும் புகவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். என் பைகளின் தையல் வழியே நீர் கசிந்தது. துணிகளை முன்கூட்டியே உரத்த பிளாஸ்டிக் உறைகளில் சுற்றியிருந்தமையால் தப்பித்தேன். மென்பை வாங்குவோர் அதன் மேலுறையை நம்பாமல் உள்ளுறையை நம்ப வேண்டும்.

கீலாங்கில் இரவு தங்கினோம். மறுநாள் விடியற்காலையிலேயே கிளம்பியிருக்க வேண்டும். பாரலாச்சா கணவாய்க்கு ஏறும் வழியில் பனி உருகி வரும் ஓடைகள் சாலையைக் குறுக்கே கடக்கும். காலையில் கணுக்கால் அளவு ஓடும் நீர், வெயில் ஏற ஏற முழங்காலுக்கு வந்துவிடும். எங்களுக்குத் தேநீரும் பேச்சுமாகப் பொழுது போயிற்று. ஓர் ஓடையை நாங்கள் அடைந்தபோது நண்பகல் கடந்திருந்தது.

நான் முதலில் கடந்தேன். பின்னால் வந்தவனின் முன்சக்கரம் நீரடியில் இருந்த உருண்டைக் கல்லில் ஏறி வழுக்கியது. விழாமல் இருக்க இடது காலை ஊன்றினான். எவரும் அதைத்தான் செய்வர். வண்டி இன்னும் முன்னோக்கி நகர்ந்துகொண்டிருந்தது, கால் நின்றுவிட்டது. பின்னாலிருந்த பெட்டியின் முன்விளிம்பு அவன் கெண்டைக்காலில் மோதிப் பாதத்தைக் கல்லுக்கும் தகட்டுக்கும் இடையே செருகிவிட்டு, அப்படியே சாய்ந்தது.

அன்பர்களே, அவன் அலறிய குரல் இன்றும் என் காதில் இருக்கிறது. ஓடிப்போய்ப் பார்த்தால் பனிநீர் அவன் இடுப்பளவு ஓடுகிறது. வண்டியின் எடை ஏறத்தாழ 200 கிலோ, சுமை தனி. அந்த உயரத்தில் பத்தடி ஓடியதற்கே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பெட்டியைக் கழற்றிவிட்டால் காலை எடுத்துவிடலாம். ஆனால் அதன் கொக்கியில் கல் சிக்கி அசைய மறுத்தது. துணிப்பையாக இருந்தால் வார்ப்பட்டையை அறுத்தே விடுவித்திருப்பேன். எதிரே வந்த லாரியின் ஓட்டுநரும் உதவியாளரும் குதித்து இறங்கி வந்து, மூவருமாகத் தூக்கித்தான் அவனை வெளியே இழுத்தோம். அவர்கள் பெயரைக் கேட்கவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. அல்லாஹ் அவ்விருவருக்கும் நற்கூலி வழங்குவானாக.

அந்த லாரியிலேயே கீலாங்குக்குத் திரும்பினோம். எலும்பு முறியவில்லை, தசைநார்தான் கிழிந்திருக்கிறது என்று மருத்துவர் கூறியபோது போன உயிர் வந்தது. "இவனை ஊருக்கு எப்படித் திருப்பி அழைத்துப் போவேன், மதினி முகத்தில் எப்படி விழிப்பேன்" என்பதே அதுவரை என் நெஞ்சில் ஓடிக்கொண்டிருந்தது.

நீதியாகச் சொல்ல வேண்டுமானால், பெட்டியின் பக்கமும் ஒரு வாதம் உண்டு. வண்டி நின்ற நிலையில் பக்கவாட்டில் சாயுமானால், விறைப்பான பெட்டி முட்டுக்கொடுத்து வண்டி முழுவதும் காலின்மேல் படுத்துவிடாமல் தடுக்கும். அவன் தொடை தப்பியதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். காலை ஊன்றியபடி வண்டி நகரும்போதுதான் அது பகையாகிறது. கல்லும் மணலும் நீருமான பாதையில் நாம் காலை ஊன்றிக்கொண்டேதான் போகிறோம்.

நிற்க. ஆறு நாள் ஓய்வுக்குப் பிறகு, திரும்பிவிடுவோம் என்று நான் சொல்லியும் கேளாமல் அவன் மீண்டும் ஏறினான். இம்முறை வைகறைத் தொழுகை முடிந்த கையோடு புறப்பட்டோம். ஓடை சாதுவாக இருந்தது. பாரலாச்சாவின் உச்சியில் அவன் பெட்டியைத் திறந்தால் எலுமிச்சை ஊறுகாய் மணம்! என் பையில் வைத்தால் குப்பி உடைந்துவிடும் என்று அஞ்சி, என் மனைவி அதனை அவன் பெட்டியில் பத்திரப்படுத்தியிருந்தாள். குப்பி உடையவில்லைதான். உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறையவே, உள்ளே அடைபட்ட காற்று மூடியை மீறி எண்ணெயை வெளியே தள்ளிவிட்டது. நீர் புகாத பெட்டி எண்ணெயையும் வெளியே விடாதல்லவா? அவன் துணிகள் யாவும் அதில் ஊறிக் கிடந்தன.

சர்ச்சுவைக் கடந்து, காட்டா வளைவுகள் எனப்படும் 21 கொண்டை ஊசித் திருப்பங்களில் ஏறி, லாச்சுலுங் லாவையும் பாங்கையும் தாண்டினால் மோரே சமவெளி விரிகிறது. இப்பகுதிகளில் ஆடு மேய்க்கும் சாங்பா மக்கள் முற்காலத்தில் உப்பு வணிகத்துக்கு ஆடுகளையே சுமைவிலங்காகக் கொண்டனர். ஒவ்வோர் ஆட்டின் முதுகிலும் இருபுறம் தொங்கும் இரு சிறு பைகள். இரண்டும் ஒரே எடை. ஒருபுறம் கனத்தால் ஆடு நடக்காது. நம் வண்டியும் அந்த ஆட்டைப் போன்றதே. கனமானவை கீழேயும் இருக்கையை ஒட்டி முன்னேயும் இருக்க வேண்டும். இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும்.

5,328 மீட்டர் உயரமுள்ள தங்லாங் லாவிலிருந்து உப்ஷிக்கு இறங்கும்போது ஏதோ தீயும் நாற்றம் வந்தது. இப்போது என் முறை. வலப்புறப் பை இறுக்கம் தளர்ந்து, சூடான புகைக்குழாயில் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. பையில் கையளவு ஓட்டை; உள்ளே மழைக்கோட்டும் உருகிப்போயிற்று. "காய்கறிப் பை வெந்துவிட்டது, சாச்சா!" என்றான் அவன். கால் வலியிலும் அவனுக்குக் குறும்பு குறையவில்லை. லேயில் ஒரு மெக்கானிக் எண்ணெய் டின்னை வெட்டித் தகடாக்கி, பைக்கும் குழாய்க்கும் நடுவே மறைப்பாகப் பொருத்தித் தந்தார். செருப்புத் தைப்பவர் ஓட்டையை ஒட்டுப்போட்டார். நசுங்கிப்போன பெட்டியையோ சம்மட்டி கொண்டு எவ்வளவு அடித்தும் ஒரு மூலை மூடியோடு சேரவில்லை. ஒருமுறை நெளிந்த பெட்டிக்கு நீர் புகாத பெருமையும் போய்விடுகிறது.

ஆனால் லே நகரில் பெட்டியின் மதிப்பையும் கண்டேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு, 17ஆம் நூற்றாண்டில் எழும்பி அண்மைக் காலத்தில் புதுப்பிக்கப்பட்ட ஜாமியா மஸ்ஜிதுக்குச் சென்றோம். அது நிற்கும் கடைவீதியில் வண்டிகளுக்கு அனுமதியில்லை. வண்டியைத் தொலைவில் நிறுத்திவிட்டு, அவன் பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கைவீசி நடந்தான். நான் இரு பைகளையும் கழற்றித் தோளுக்கு ஒன்றாகச் சுமந்து, பள்ளிவாசல் படியேறுவதற்குள் வியர்த்துவிட்டேன். ஊர்தோறும் தங்கிக் கடைவீதி சுற்றுபவர்க்கும், தார்ச்சாலையை விட்டு விலகாதவர்க்கும் பெட்டியே வசதி. இதை மறுப்பதற்கில்லை.

ஸ்ரீநகர் வழியாகத் திரும்புகையில் கார்கிலில் முன்ஷி அஜீஸ் பட் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். அவர் அவ்வூரில் சத்திரம் கட்டி வணிகம் நடத்தியவர். மத்திய ஆசியாவுக்கும் இப்பகுதிக்கும் இடையே நடந்த வணிகத்தின் சின்னங்களை அவருடைய குடும்பத்தார் அங்கே காத்து வருகின்றனர். குதிரைச் சேணங்களின் முன்னே அவன் நெடுநேரம் நின்றான். அக்காலப் பயணிகளிடமும் இதே இரு வகைச் சுமைகள் இருந்தன என்று அவனுக்குச் சொன்னேன். தோல் போர்த்த மரப்பெட்டிக்கு யக்தான் என்று பெயர். கம்பளத்தில் நெய்து விலங்கின் முதுகில் இருபுறமும் தொங்கவிடும் இரட்டைப் பைக்குக் குர்ஜீன் என்று பெயர். அவன் கேட்டான்: "அவர்களுக்கும் கால் மாட்டியிருக்குமா, சாச்சா?" குதிரைக்குக் கண் இருக்கிறதே என்றேன்.

இன்ஷா அல்லாஹ் அடுத்த பயணம் ஸ்பிதி பள்ளத்தாக்குக்கு என்று முடிவாகியிருக்கிறது. அதற்காக அவன் பைகள் தைக்கக் கொடுத்திருக்கிறான், புகைக்குழாய்ப் பக்கத்துக்குத் தகடு வைத்து. அலுமினியப் பெட்டிகளில் நெளியாத ஒன்றில் மதினி புழுங்கலரிசி கொட்டி வைத்திருக்கிறார். வண்டு வருவதில்லையாம். மற்றொன்றை என்ன செய்வதென்று இன்னும் யாருக்கும் விளங்கவில்லை. ஊறுகாய் வாடை போகமாட்டேன் என்கிறது.