பிடித்திருப்பது யார் கை?

காட்பாடியிலிருந்து திருப்பதிக்குப் போகும் ரயில் சித்தூர், பாகாலா, சந்திரகிரி என்று நின்று போகிறது. பயணிகளில் பெரும்பாலோர் மலையேறப் போகும் பக்தர்கள். அந்த வழியில் ஏறத்தாழ 70 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் சித்தூருக்கும் திருப்பதிக்கும் அதிகம் பேசப்படாத இன்னொரு சமய வரலாறும் உண்டு. இரட்சிக்கப்பட்ட ஒருவர் அந்த இரட்சிப்பை இழந்துபோக முடியுமா? கிறிஸ்தவர்கள் நூற்றாண்டுகளாகக் கேட்டுவரும் இந்தக் கேள்விக்கு, இந்த இரண்டு ஊர்களுக்கும் வந்த மிஷனரிகள் வெவ்வேறு பதில்களைக் கொண்டுவந்தார்கள்.

சித்தூருக்கு வந்தது அமெரிக்கன் ஆற்காடு மிஷன். 1853இல் ஸ்கடர் சகோதரர்கள் தொடங்கியது. வேலூர் மருத்துவமனையை நிறுவிய ஐடா ஸ்கடரின் குடும்பம்தான் அது. அவர்கள் சார்ந்த அமெரிக்கச் சீர்திருத்தச் சபைக்கு வேர் ஹாலந்தில். பெல்ஜிய விசுவாச அறிக்கை, ஹைடல்பர்க் வினாவிடை, டார்ட் நியமங்கள் ஆகிய மூன்றும் அந்தச் சபையின் அடிப்படை ஆவணங்கள். மூன்றாவதுதான் நம் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்வது. ஆர்மினியஸ் 1609இல் இறந்த பிறகு, அவருடைய சீடர்கள் 1610இல் ஐந்து குறிப்புகள் கொண்ட முறையீடு ஒன்றை வெளியிட்டார்கள். மெய்யான விசுவாசி விழுந்துபோக முடியுமா என்பதை ஐந்தாவது குறிப்பில் தீர்மானிக்காமல் விட்டார்கள். பின்னால், முடியும் என்றார்கள். 1618, 1619 ஆண்டுகளில் டார்ட்ரெக்ட் நகரில் கூடிய சங்கம், முடியாது என்று தீர்ப்புச் சொன்னது. தேவன் தெரிந்துகொண்டவர்களை முடிவுவரை அவரே காத்து நிறுத்துகிறார் என்பது அதன் சாரம்.

திருப்பதிப் பக்கம் வந்தவர்கள் ஜெர்மானிய லுத்தரன்கள். ஹெர்மான்ஸ்பர்க் மிஷனைச் சேர்ந்த மிலியஸ் 1865இல் சூலூர்ப்பேட்டையில் பணியைத் தொடங்கினார். முதல் உலகப்போரில் ஜெர்மானியர்கள் வெளியேற நேர்ந்தபோது, அமெரிக்காவின் ஒஹாயோ லுத்தரன்கள் அந்தப் பணியை ஏற்றுக்கொண்டார்கள். அதிலிருந்து வளர்ந்த தென் ஆந்திர லுத்தரன் சபைக்குத் திருப்பதியே தலைமையிடம். லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை, ஒருமுறை நீதிமானாக்கப்பட்டவர்கள் பரிசுத்த ஆவியை இழக்கவே முடியாது என்று போதிப்பவர்களைப் பெயர் சொல்லி மறுக்கிறது. விசுவாசி விழலாம், விழுந்தவர் மனந்திரும்பி எழலாம், எழாமல் போகவும் கூடும் என்பது அவர்கள் நிலை.

1947 செப்டம்பர் 27ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆற்காடு மிஷன் வழிவந்த சபைகள் ஆங்கிலிக்கன்களோடும் மெத்தடிஸ்டுகளோடும் ஒன்றாயின. மெத்தடிசத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, இரட்சிப்பை இழக்க முடியும் என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர். எதிரெதிர் நிலைகளில் நின்றவர்கள் அப்போஸ்தலர் விசுவாசப் பிரமாணத்தையும் நிசேயா பிரமாணத்தையும் பொதுவாக வைத்துக்கொண்டு ஒரே பந்தியில் அமர்ந்தார்கள். ஆகவே இன்று சித்தூரில் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் இருக்கும் ஒருவரிடம் இந்தக் கேள்வியைக் கேட்டால் எந்தப் பதிலும் வரலாம். தெருமுனையில் உள்ள பெந்தெகொஸ்தே சபைக்குப் போனால் பெரும்பாலும், இழக்கலாம், ஜாக்கிரதையாயிரு என்பார்கள். சகோதரர் சபைக்காரர்களிடம் போனால், ஒருமுறை இரட்சிக்கப்பட்டால் என்றைக்கும் இரட்சிப்புதான் என்பார்கள். ஒரே வீட்டில் மாமியார் ஒரு சபைக்கும் மருமகள் இன்னொரு சபைக்கும் போகும் எங்கள் ஊரில், இது சோற்றுப் பந்தியிலேயே பேசப்படும் விஷயம்.

இந்தக் கேள்வி சிலரை எப்படி வதைக்கிறது என்பதைப் பார்த்திருக்கிறேன். மாம்பழக்கூழ் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன். ஊரில் எங்கே எழுப்புதல் கூட்டம் நடந்தாலும், அழைப்புக் கொடுக்கும்போது முன்னால் போய் முழங்கால் போடுவான். கண்ணீர்விட்டு ஜெபிப்பான். சில வாரம் முகம் தெளிந்திருக்கும். பிறகு சீசன் வேலையில் இரவு ஷிப்ட், அண்ணன் தம்பி சண்டை, நண்பர்களோடு குடி என்று ஏதாவது நடக்கும். தான் பின்வாங்கிப்போனதாக முடிவு கட்டிக்கொள்வான். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவான். ஆண்டவருக்கு முன்னால் அவன் ஒரு நாளும் பிள்ளையாக உட்கார்ந்ததில்லை. வேலையில் வைத்துக்கொள்வார்களா, நிறுத்திவிடுவார்களா என்று அஞ்சும் தினக்கூலிபோலவே நின்றுகொண்டிருந்தான்.

இன்னொரு சம்பவம் என்னை இந்தக் கேள்வியின் அடிவரைக்கும் கொண்டுபோனது. என் பெரியம்மா கிராமத்துப் பள்ளிகளில் ஆசிரியையாக இருந்தவர். வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு. பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளியில் சங்கீதங்களை மனப்பாடம் செய்ய வைத்தவர். எழுபத்தைந்து வயதுக்குமேல் மறதி நோய் வந்தது. முதலில் சாவி, அடுப்பு. பிறகு பேரப்பிள்ளைகளின் பெயர். பிறகு தன் மகளே யாரென்று தெரியவில்லை. ஒருநாள் போதகர் திருவிருந்து கொடுக்க வீட்டுக்கு வந்தார். கட்டில் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சின்னக் கிண்ணத்தில் திராட்சரசமும் தட்டில் அப்பத் துண்டும் வைத்தார். "இயேசுவின் சரீரம்மா" என்று வாயருகே நீட்டினார். பெரியம்மா அவர் கையைத் தட்டிவிட்டார். "யேசய்யாவா? எவராயன?" என்று தெலுங்கில் கேட்டார்; இயேசுவா, யார் அவர் என்று. அப்பம் தரையில் விழுந்தது.

பெரியம்மாவின் மகளான அக்கா வாசற்படியில் உட்கார்ந்து அழுதார். "ஐயா, அம்மா ஆண்டவரை மறுதலிச்சிட்டாங்களா?" என்றார். போதகர் விழுந்த அப்பத்தை எடுத்துத் துணியில் மடித்து வைத்தார். அக்காவின் பக்கத்தில் படியிலேயே உட்கார்ந்தார். "அம்மா இப்ப சொல்றதை அவர் கணக்குல எடுக்கமாட்டார்மா. அம்மாவுக்காக அவர் செஞ்சு முடிச்சதுதான் கணக்கு" என்றார். பிறகு உள்ளே போய், விசுவாசப் பிரமாணத்தை எங்களையும் சேர்த்துக்கொண்டு சத்தமாகச் சொன்னார். பெரியம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். கடைசிவரை அவருக்கு நினைவு திரும்பவில்லை.

விசுவாசம் என்பது நான் மனதில் விடாமல் வைத்திருக்கும் ஒரு முடிவு மட்டும்தான் என்றால், பெரியம்மாவிடம் அது இல்லை. அதை வைத்துத்தான் இரட்சிப்பு என்றால், மூளையில் சில உயிரணுக்கள் அழிந்ததோடு அவருடைய நித்தியமும் அழிந்தது என்றாகும். எந்தச் சபையாரும் அப்படிச் சொல்ல மனம் ஒப்பமாட்டார்கள். இரட்சிப்பு நம் பிடியின் பலத்தில் நிற்கவில்லை என்று எல்லோரும் உள்ளூர அறிந்திருப்பதுதான் அந்த ஒப்பாமைக்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

வேதாகமத்தில் இதற்குப் பலமான ஆதாரம் உண்டு. யோவான் 10ஆம் அதிகாரத்தில் இயேசு தம் ஆடுகளை ஒருவரும் தம் கையிலிருந்து பறிக்க முடியாது என்கிறார். உடனே பிதாவின் கையையும் சேர்த்துச் சொல்கிறார். ஆடுகளின் பிடியைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. லூக்கா 22இல் பேதுரு மூன்றுதரம் மறுதலிக்கப்போகிறார் என்று தெரிந்தே, அவருடைய விசுவாசம் ஒழிந்துபோகாதபடி தாம் வேண்டிக்கொண்டதாக இயேசு சொல்கிறார். மறுதலிப்பு நடப்பதற்கு முன்பே ஜெபம் நடந்து முடிந்துவிட்டது. பேதுருவின் விசுவாசத்தைக் கடைசியில் நிலைநிறுத்தியது பேதுருவின் மன உறுதி அல்ல. அந்த உறுதி ஒரு வேலைக்காரப் பெண்ணின் கேள்விக்கே தாங்கவில்லை.

ஆனால் எபிரெயர் 6ஆம் அதிகாரமும் அதே வேதாகமத்தில்தான் இருக்கிறது. ஒருமுறை ஒளி பெற்று, பரம ஈவை ருசிபார்த்து, பிறகு விலகிப்போனவர்களைப் பற்றிய அதன் எச்சரிக்கை படிக்கிறவரை நடுங்க வைக்கும். அதை மென்மையாக்கிவிட எனக்கு விருப்பமில்லை. சித்தூருக்கு வந்த சீர்திருத்த மரபு, விலகிப்போனவர்கள் தொடக்கத்திலேயே மெய்யான விசுவாசிகளாக இருந்ததில்லை என்று விளக்கும். அப்படியானால் என் விசுவாசமும் மெய்தானா என்ற பயம் எவருக்கும் வரலாம். திருப்பதியின் லுத்தரன் மரபு, அவர்கள் மெய்யாகவே விசுவாசித்தார்கள், பிறகு இழந்தார்கள் என்று ஏற்கும். அப்படியானால் நாளைக்கு எனக்கும் அது நேருமோ என்ற பயம் வரும். இரண்டு மரபிலும், மனிதன் தன் உள்ளத்தையே தோண்டிப் பார்க்கத் தொடங்கியதும் நிம்மதி போய்விடுகிறது.

இரண்டு மரபின் நல்ல போதகர்களும் அந்த இடத்தில் செய்வது ஒன்றுதான்: கண்ணை வெளியே திருப்பச் சொல்கிறார்கள். லுத்தரன் போதகர் ஞானஸ்நானத்தையும் கேட்ட வசனத்தையும் கையில் வைக்கப்படும் அப்பத்தையும் காட்டுகிறார். இது உனக்காகக் கொடுக்கப்பட்டது, உன் மனநிலையை இப்போது அளக்காதே என்கிறார். சீர்திருத்த மரபின் ஹைடல்பர்க் வினாவிடை தன் 129 கேள்விகளில் முதலாவதாகக் கேட்பது, வாழ்விலும் சாவிலும் உனக்கு உள்ள ஒரே ஆறுதல் எது என்பதையே. அதன் பதில், நான் எனக்குச் சொந்தமில்லை, கிறிஸ்துவுக்குச் சொந்தம் என்ற பொருளில் போகிறது. 1530இன் லுத்தரன்களும் 1563இன் ஹைடல்பர்க்காரர்களும் வாதத்தில் பிரிந்தவர்கள். சாகக் கிடக்கிறவர் பக்கத்தில் ஏறக்குறைய ஒன்றையே பேசுகிறார்கள்.

திருப்பதியில் இருந்துகொண்டு இதைப் பேசும்போது வைணவர்களின் பழைய விவாதம் நினைவுக்கு வராமல் இருக்காது. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைப்போல ஜீவன் இருக்க வேண்டும் என்பது வேதாந்த தேசிகர் வழிவந்த வடகலையாரின் நிலை என்றும், தாய் கவ்விப்போகும் பூனைக் குட்டியைப்போல இருக்க வேண்டும் என்பது பிள்ளை லோகாசாரியார் வழிவந்த தென்கலையாரின் நிலை என்றும் சொல்வார்கள். ஜெர்மானிய லுத்தரன் அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் வெளியிட்ட நூலில் இந்த அருள் நெறியைக் கிறிஸ்தவத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்தவனுக்கு எல்லாம் கல்வாரியில் நடந்த ஒரு சம்பவத்தில் தொங்குகிறது. ஆனால் அருள் முந்துமா, பற்றுதல் முந்துமா என்று இந்த மண் எவ்வளவு காலமாக, எவ்வளவு ஆழமாகச் சிந்தித்திருக்கிறது என்பதை நாம் மரியாதையோடு அறிந்திருக்க வேண்டும்.

இரட்சிப்பை இழக்கவே முடியாது என்ற நித்திய பாதுகாப்பைப் போதித்தால் மக்கள் துணிந்து பாவம் செய்வார்கள் என்ற குற்றச்சாட்டு பொய்யல்ல. கூட்டத்தில் கை உயர்த்திய தேதியைச் சான்றிதழாக வைத்துக்கொண்டு, கடன்பட்டவரின் வீட்டுப் பாத்திரம்வரை பிடுங்கும் வட்டிக்காரரும் சபையின் முன் வரிசையில் உட்காரலாம். அவருக்கு வாசிக்க வேண்டியது எபிரெயர் 6தான். டார்ட் நியமங்களே இதை முன்னுணர்ந்திருக்கின்றன. தாவீதும் பேதுருவும் கோரமாக விழுந்ததை அவை மறைக்கவில்லை. அப்படி விழுவது தேவனை வருந்தச் செய்யும், மனசாட்சியைக் காயப்படுத்தும் என்கின்றன. இரட்சிப்பின் நிச்சயம் எங்கிருந்து வருகிறது என்று சொல்லும்போது, தேவனுடைய வாக்குறுதியையும் ஆவியானவரின் சாட்சியையும் சொல்லி, நல்ல மனசாட்சியோடு நற்செயலை நாடும் வாழ்க்கையையும் சேர்க்கின்றன. பயமில்லாமல் ஏமாற்றிப் பிழைப்பவனுக்கு அந்த ஆவணத்தில் ஆறுதல் கிடையாது.

என் நம்பிக்கை இது. கிறிஸ்து தொடங்கியதை அவரே முடிப்பார். தம்மிடம் வந்தவரைக் கைவிடமாட்டார். விசுவாசம் இரட்சிப்புக்கு நாம் செலுத்தும் தவணை அல்ல, ஒரு மாதம் கட்டத் தவறினால் பறிமுதல் ஆவதற்கு. எச்சரிக்கை வசனங்கள் தாமும் அவர் நம்மை இழுத்துப் பிடிக்கும் வழிகளில் ஒன்று. அவற்றைக் கேட்டு நடுங்குகிறவர் இன்னும் அவர் குரலைக் கேட்கிறார் என்றுதான் பொருள். அசட்டையாக இருப்பவருக்கு எச்சரிக்கையையும், நடுங்குகிறவருக்கு வாக்குறுதியையும் வாசிக்கத் தெரிந்தவரே நல்ல மேய்ப்பர். நம் கூட்டங்களில் பல நேரம் இது தலைகீழாக நடக்கிறது: அசட்டையானவர் மேடையில் மாலை வாங்குகிறார், நடுங்குகிறவர் மேலும் நடுங்கி வீடு போகிறார்.

ஆகவே சித்தூரிலும் திருப்பதியிலும் மேடையேறும் பிரசங்கிகளிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த கூட்டத்தில் அழைப்புக் கொடுக்கும்போது, ஏற்கெனவே பலமுறை முன்னால் வந்து முழங்கால் போட்டவர்களைப் பார்த்துத் தனியாக ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் முதல் ஜெபத்தையே அவர் கேட்டுவிட்டார். இன்று உங்கள் இடத்திலேயே உட்கார்ந்து நன்றி சொல்லுங்கள், நாளை காலை தம்பியோடு சமாதானமாகுங்கள் என்று சொல்லுங்கள். அந்தக் கூழ்த் தொழிற்சாலை இளைஞனுக்கு இதை யாரும் இன்னும் சொல்லவில்லை.