நாலாவது எடுப்பு

பருத்தியைப் பனி ஈரம் காய்வதற்குள் எடுத்துவிட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் காய்ந்த சருகு கை பட்டதும் நொறுங்கிப் பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். தூசிப் பருத்தி என்று சொல்லித் தரகர் விலையை இறக்கிவிடுவார். அதனால் மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் வீட்டில் கோழி கூவும் முன்பே அடுப்பு எரியும். ஆச்சி கருப்பட்டிக் காப்பியைத் தூக்குச்சட்டியில் ஊற்றி மூடி, சேலையை வரிந்து கட்டி, முன்பக்கம் மடி விட்டுக்கொண்டு கிளம்புவாள். நானும் கண்ணைக் கசக்கிக்கொண்டு பின்னாலேயே போவேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டில் இருந்தது எங்கள் ஊர். செருப்பில்லாத காலில் பனி நனைந்த கரிசல் ஒட்டுகிற அந்தக் குளிர்ச்சியை இப்போதும் என்னால் உணர முடிகிறது.

எங்கள் புஞ்சையில் விதைத்தது கருங்கண்ணிப் பருத்தி. கிணறு கிடையாது, வானத்தை நம்பிய வெள்ளாமை. ஐப்பசி மழைக்கு விதை விழும். கோவில்பட்டியில் 1901இல் தொடங்கிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்தக் கருங்கண்ணியிலிருந்து தேர்ந்தெடுத்த ரகங்களைச் சுற்றுவட்டாரச் சம்சாரிகளுக்குப் பழக்கியிருந்தது. காய் சிறிதுதான், இழையும் குட்டைதான். ஆனால் மழை தவறினாலும் தாக்குப்பிடித்து நிற்கும்.

பருத்திச் செடி ஒரே நாளில் வெடித்து முடிவதில்லை. அடிக்கிளையில் பூத்தது முதலில் காயாகி முதலில் வெடிக்கும். நுனியில் பூத்தது வாரங்கள் கழித்து வெடிக்கும். ஆகவே ஒரே காட்டை விட்டுவிட்டுப் பலமுறை எடுக்க வேண்டியிருக்கும். முதல் எடுப்பு, ரெண்டாம் எடுப்பு, மூணாம் எடுப்பு என்று ஊரில் சொல்வார்கள். ஆச்சியின் அளவுகோல் மடி. முதல் எடுப்பில் ஓர் ஆள் உச்சிப்பொழுதுக்குள் மூன்று மடி எடுத்துவிடுவாள். ரெண்டாம் எடுப்புதான் உச்சம், நாலு மடி விழும். மூன்றாவதில் ஒன்றரை மடி தேறும். அதற்குப் பிறகு செடியில் நுனிக்காய்களும் புழு அரித்த கொட்டுப் பருத்தியும்தான் இருக்கும். நாலாவது எடுப்பென்று இறங்கினால் அரை மடி நிரம்புவதற்குள் இடுப்பு விட்டுப்போகும்.

ஓர் ஆளுக்குக் கொடுக்கிற கூலியையும் ஆச்சி மடியில்தான் சொல்வாள். கூலி, காப்பி, சுமக்கிற செலவு எல்லாம் சேர்ந்து ஒரு மடிப் பருத்தியின் விலைக்குச் சரி என்பது அவள் கணக்கு.

ஒவ்வொரு வருசமும் மூன்றாம் எடுப்பு முடிந்த இரவில் தாத்தாவுக்கும் ஆச்சிக்கும் திண்ணையில் இதே பேச்சுதான் நடக்கும். நான் ஆச்சி மடியில் தலை வைத்துப் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

“இன்னொரு எடுப்பு எடுத்துருவமா? அதையும் சேத்தாக்கூட ஆளுக்குச் சராசரி ரெண்டு மடிக்குக் கொறையாது. கூலி ஒரு மடிதான?” என்பார் தாத்தா.

“ரெண்டாம் எடுப்புப் பருத்திய எதுக்கு இதுக்குள்ள கொண்டாறீக? அது வித்துக் காசாகியாச்சு. நாளைக்கு ஆள் விட்டா நாளைக்கு என்ன விழும்? அரை மடி. நாளைக்கு என்ன குடுக்கணும்? ஒரு மடி. அத மட்டும் சொல்லுங்க.”

தாத்தா விடமாட்டார். “உழுதது, வெதச்சது, களை வெட்டுனதுன்னு எம்புட்டுச் செலவழிச்சுருக்கோம். அதுல காச்சத அப்படியே விட்டுட்டு வரவா?”

“அந்தச் செலவு எடுத்தாலும் திரும்பாது, விட்டாலும் திரும்பாது. அது போன கணக்கு.”

இருவர் சொல்வதையும் வைத்துக்கொண்டு பிற்பாடு நானே பலமுறை கூட்டிப் பார்த்திருக்கிறேன். மூன்றும் நாலும் ஒன்றரையும் சேர்ந்து எட்டரை மடி. மூன்று நாள் கூலிக்கு மூன்று மடி போனால் மிச்சம் ஐந்தரை. நாலாவதாக ஒரு நாள் ஆள் விட்டால் வரவு ஒன்பது மடியாகும், கூலி நாலு மடியாகும், மிச்சம் ஐந்துக்கு இறங்கிவிடும். தாத்தா சொன்ன சராசரியில் பொய் இல்லை. ஒன்பதை நாலால் வகுத்தால் ரெண்டே கால் மடி வரத்தான் செய்கிறது. கூலியைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். அப்படி இருந்தும் அந்தக் கடைசி நாள் கையிலிருந்த அரை மடியைத் தின்றுவிடுகிறது. நல்ல நாட்களின் விளைச்சல் கெட்ட நாளின் நட்டத்தை மூடி மறைத்துவிடுவதுதான் சராசரியில் உள்ள ஆபத்து. எண்ணும் எழுத்தும் படிக்காத ஆச்சி அதில் ஒருநாளும் ஏமாந்ததில்லை.

கூலியைத் தாண்டியும் அவள் கணக்கு நீளும். மாசி கழிந்தால் கீதாரி தன் ஆடுகளோடு எங்கள் பக்கம் வருவார். காடு காலியாக இருந்தால் ஆடுகள் பகலில் பருத்திச் செடியின் இலையையும் பிஞ்சையும் மேய்ந்து, இரவில் அங்கேயே கிடை கிடக்கும். புழுக்கையும் மூத்திரமும் அடுத்த வெள்ளாமைக்கு உரம். நாம் தயங்கிக்கொண்டிருந்தால் கிடை பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். நாள் ஆக ஆகக் கரிசல் இறுகி, கை நுழைகிற அளவுக்கு வெடித்துவிடும். அப்புறம் பருத்திமாரைப் பிடுங்குவதற்குக் கூடுதல் ஆள் வேண்டும். அடுப்புக்கு வருசம் முழுக்க அந்த மார்தான் விறகு. செடியை நெடுநாள் நிற்கவிட்டால் புழு அதிலேயே தங்கி அடுத்த வருசத்துக்கும் தொடரும், பக்கத்துக் காட்டுக்காரரையும் பாதிக்கும். அறுவடை முடிந்த பயிரைக் காலத்தில் பிடுங்க வைக்கும் அதிகாரத்தோடு சென்னை மாகாணத்தில் 1919இலேயே பயிர்ப் பூச்சிகளுக்கென்று ஒரு சட்டம் வந்தது. நம் காட்டில் நாம் தாமதிப்பதன் செலவை அடுத்த காட்டுக்காரர் சுமக்கும் இடத்தில், அவரவர் கணக்கை அவரவரிடமே விட்டுவிட முடியாது என்பதால் வந்த சட்டம் அது. ஆச்சிக்குச் சட்டம் தெரியாது. “அடுத்தவன் காட்டுக்குப் புழு போனா நமக்குத்தான் பாவம்” என்பாள்.

அப்படிப் பேசி முடித்த மறுநாள் காலையில் தெற்குத்தெருச் சித்தி வந்து நிற்பாள். சொந்தத்தில் சித்தி இல்லை, ஊர் வழக்கத்தில் சித்தி. கணவர் இறந்து இரண்டு பிள்ளைகளோடு இருந்தவள். “பெரியம்மா, காட்ட விட்டாச்சா?” என்று கேட்பாள். “விட்டாச்சு தாயி. கெடை வர்றதுக்குள்ள எடுத்துக்கோ. எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்” என்பாள் ஆச்சி. சித்தி பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இறங்குவாள். நாங்கள் வேண்டாமென்று விட்ட அதே அரை மடியை நாள் முழுக்க நின்று எடுப்பாள்.

எட்டு வயதில் எனக்கு இது பெரிய புதிராக இருந்தது. நமக்கு நட்டம் என்றால் சித்திக்கும் நட்டம்தானே? ஆச்சியிடம் கேட்டேன். “அவளுக்கு இன்னைக்கு வேற எங்கய்யா வேலை இருக்கு?” என்றாள். மானாவாரிக் காட்டில் பங்குனிக்கு மேல் யாருக்கும் வேலை இருக்காது. சித்தி வீட்டில் சும்மா இருந்தால் அன்றைய வரவு ஒன்றுமில்லை. காட்டில் நின்றால் அரை மடி. அவள் விட்டுக்கொடுப்பது எதுவுமில்லை என்பதால் அந்த அரை மடியும் அவளுக்கு லாபம். எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்பது செடியைப் பொறுத்து மட்டும் முடிவாவதில்லை, எடுக்கிறவளின் அந்த நாளுக்கு வேறு என்ன மதிப்பு இருக்கிறது என்பதையும் பொறுத்தது. பொருளியலில் நான் கற்றவற்றுள் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றுவது இதுதான்.

பிள்ளைகளான எங்களுக்கும் ஓர் எடுப்பு உண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் காட்டில் சிந்திக் கிடப்பதைப் பொறுக்குவோம். ஊர்க்கடையில் பருத்தியைப் போட்டுச் சேவும் கருப்பட்டி மிட்டாயும் வாங்கலாம். முதல் மிட்டாய்க்காக ஓடி ஓடிப் பொறுக்குவோம். வயிறு கொஞ்சம் நிறைந்து, இருட்டும் கவிந்து, முள்ளும் இரண்டு குத்திவிட்டால் கை தானாக நின்றுவிடும்.

பாளையங்கோட்டையில் பி.ஏ. பொருளியல் படிக்கச் சேர்ந்தபோது இதற்கெல்லாம் பெயர் இருப்பது தெரிந்தது. இறுதிநிலைச் செலவு, இறுதிநிலைப் பயன்பாடு என்று ஆசிரியர் கரும்பலகையில் வளைகோடுகள் வரைந்தார். இங்கிலாந்தில் ஜெவோன்ஸும் வியன்னாவில் கார்ல் மெங்கரும் ஒருவரை ஒருவர் அறியாமலே 1871இல் இந்தச் சிந்தனையை நூலாக வெளியிட்டார்கள், மூன்று ஆண்டு கழித்து லோசானிலிருந்து வால்ராஸ் எழுதினார் என்று பாடம் சொன்னது. ஒரு பொருளின் மொத்தப் பயனைப் பார்க்காதே, அடுத்த ஓர் அலகு தருகிற பயனைப் பார் என்பது அவர்கள் மூவருக்கும் பொது. ஆல்பிரட் மார்ஷல் எழுதிய பொருளியல் கோட்பாடுகள் நூலில் ஒரு சிறுவன் வருகிறான். தான் தின்பதற்காகக் காட்டுப்பழம் பறிக்கிறான். முதலில் பழத்தின் இன்பம் பறிக்கிற சிரமத்தைவிடப் பெரிதாக இருக்கிறது. தின்னத் தின்ன ஆசை குறைகிறது, பறிக்கப் பறிக்க அலுப்பு கூடுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் அவன் நிறுத்துகிறான். நூலகத்தில் அதைப் படித்தபோது எங்கள் ஊர்க் காடும் மிட்டாய்க் கடையும் கண்முன் வந்து நின்றன. மேலே படிக்க முடியாமல் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடி வைத்திருந்தேன்.

நான் மேல்வகுப்புக்குப் போன காலத்தில் தெற்குத்தெருச் சித்தி வருவது நின்றுவிட்டது. சிவகாசியில் 1923 வாக்கில் வேர்விட்ட தீப்பெட்டித் தொழில் சாத்தூர், கோவில்பட்டி என்று பரவி எங்கள் ஊர் வரைக்கும் வந்துவிட்டிருந்தது. தீப்பெட்டி ஆபீஸிலிருந்து பெட்டி ஒட்டுவதற்குக் கட்டுக்கட்டாக அட்டையும் பசை மாவும் வீட்டுக்கே வந்தன. குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி. சித்தியின் நாளுக்கு இப்போது ஒரு விலை வந்துவிட்டது. வெயிலில் நின்று அரை மடி எடுப்பதைவிடத் திண்ணையில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவது அவளுக்கு மேல். “காட்ட விட்டாச்சு” என்று ஆச்சி ஊருக்குள் சொல்லி அனுப்பியும் யாரும் வரவில்லை. செடி அதே செடி, நுனிக்காயும் அதே அளவு. அவள் நிறுத்துகிற கோடு மட்டும் இடம் மாறிவிட்டது. சில வருசத்தில் மூன்றாம் எடுப்புக்கே ஆள் கிடைக்காமல் தாத்தா அலைந்தார்.

அதே தீப்பெட்டி ஆபீஸ்கள் விடியுமுன் வண்டி அனுப்பி என் வயதுப் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போயின. என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் சிலர் தீக்குச்சிக் கட்டை அடுக்கப் போனார்கள். அன்றைய கூலி அன்றே கைக்கு வந்தது. பள்ளிக்கூடம் தரக்கூடியது பத்து வருசம் கழித்து வருவது, கண்ணுக்குத் தெரியாதது. அதனால் அந்த வீட்டுக் கணக்கில் அது ஏறவே இல்லை. குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் தீப்பெட்டித் தொழிலில் சிறுவரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்தது. என் தோழர்களுக்கு அது காலம் கடந்து வந்த சட்டம். அடுத்த அடியின் செலவையும் வரவையும் மட்டும் பார்க்கிற முறையை நான் எவ்வளவு மதித்தாலும், வரவு எந்த நாளில் வருகிறது, யாருக்கு வருகிறது என்று கேட்காத கணக்கை ஏற்க மாட்டேன்.

இன்று என் வீட்டில் காடும் இல்லை, மடியும் இல்லை, மின்மீட்டர் இருக்கிறது. 2022 செப்டம்பரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த வீட்டு மின்கட்டணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் கட்டணம் 1,725 ரூபாயாக இருந்தது. சராசரி யூனிட்டுக்கு 3 ரூபாய் 45 காசு. இன்னும் ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 1,958 ரூபாய் வந்தது. 500ஐத் தாண்டியதும் 101 முதல் 200 வரையான யூனிட்டுகளின் விலை 2 ரூபாய் 25 காசிலிருந்து 4 ரூபாய் 50 காசாக மாறிவிட்டது, தாண்டிய யூனிட்டுக்குத் தனியே 8 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். மூன்றரை ரூபாய்தானே என்று நினைத்துக் கணக்கெடுக்கும் நாளுக்கு முந்தைய இரவில் ஏசியைப் போட்டவரும் எங்கள் தாத்தாவைப் போலச் சராசரியைத்தான் நம்பினார்.

பள்ளியிலும் கல்லூரியிலும் பொருளியல் சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வளைகோட்டை வரைவதற்கு முன்பு பிள்ளைகளை ஒரு நாள் வீட்டுக்கு அனுப்புங்கள். பூக்கட்டுகிறவரோ, மாவாட்டி விற்கிறவரோ, ஆடு வளர்க்கிறவரோ, வீட்டில் யார் இருக்கிறாரோ அவரிடம் மூன்று கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள். நேற்று எந்த இடத்தில் வேலையை நிறுத்தினீர்கள், ஏன் அங்கே நிறுத்தினீர்கள், இன்னும் ஒரு மணி நேரம் செய்திருந்தால் என்ன வந்திருக்கும், என்ன போயிருக்கும்? அந்தப் பதில்களைக் கரும்பலகையில் எழுதிவிட்டு அப்புறம் பாடத்தைத் தொடங்குங்கள்.