தாராவிச் சந்தில் நிழல் மறைந்த நண்பகல்

மும்பை வானத்தைப் பற்றி எழுதப் புகுந்தால், "மும்பையில் வானம் எங்கே தெரிகிறது?" என்று நேயர்கள் நகைக்கக்கூடும். ரயிலும் கட்டடங்களும் கூட்டமும் நிறைந்த இவ்வூரில் நாம் அண்ணாந்து பார்ப்பது மழை வருமா என்று அறிவதற்கே. தாராவிச் சந்துகளில் வாழ்வோர்க்கோ, வானம் என்பது இரு கூரைகளின் நடுவே ஒரு முழ அகலத்தில் தெரியும் நீலக் கீற்றுதான். அந்தக் கீற்றைக் கொண்டு குழந்தைகளுக்கு வானநூல் கற்பிக்க இயலுமா என்னும் ஐயத்துடன், சென்ற மே மாதம் 15 ஆம் நாள் காலை, நண்பர் இருவரோடு மாதுங்காவிலிருந்து புறப்பட்டோம்.

இந்த ஐயம் எழுந்த வரலாற்றை முதலில் கூறிவிடுகிறோம். அதற்குச் சில மாதங்களுக்கு முன் தாராவிக் குழந்தைகள் சிலரை வொர்லியிலுள்ள நேரு கோளரங்கத்துக்கு அழைத்துச் சென்றோம். 1977 மார்ச் 3 ஆம் நாள் திறக்கப்பட்ட அவ்வரங்கம் இந்நகரின் பெருஞ்செல்வங்களுள் ஒன்று. வட்டக் கூரையில் விண்மீன்கள் ஒளிர்ந்தபோது குழந்தைகள் வாய் பிளந்து நின்றனர். அங்கே காட்சிகள் இந்தியிலும் மராத்தியிலும் ஆங்கிலத்திலும் நடைபெறுகின்றன. பல மொழியாளர் வாழும் ஊரில் எல்லா மொழியிலும் காட்சி நடத்துவது எளிதன்று. ஆதலின் நாம் குறை கூறவில்லை. ஆனால் திரும்பும் வழியில், மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் பயிலும் சிறுமி ஒருத்தி, "இந்த நட்சத்திரமெல்லாம் வொர்லியில் மட்டும்தான் தெரியுமா, மாமா? எங்கள் சந்தில் தெரியாதா?" என்று கேட்டாள். நமக்கு விடை தோன்றவில்லை. காட்சி நன்றாயிருந்தது, ஆயினும் வானம் தன்னுடையது என்று அக்குழந்தைக்குத் தோன்றவில்லை.

மாதுங்காவின் பூக்கடைகளைத் தாண்டி நடந்தோம். 1932 இல் தோன்றிய தென்னிந்தியக் கல்விச் சங்கம் வளர்ந்த பேட்டை அது. அங்கே படிப்புக்குக் குறைவில்லை. அடுத்துள்ள சயானிலும் குறைவில்லை. ஹாலி வால்மீன் வந்த காலத்தையொட்டி, 1980களின் இடையில், அவ்வட்டாரத்தில் வேரூன்றிய 'ககோல் மண்டல்' என்னும் ஆர்வலர் குழுவினர், நகர வெளிச்சத்துக்கு அப்பால் வாங்கணி என்னும் சிற்றூரில் இரவு முழுதும் விழித்திருந்து பொதுமக்களுக்கு வானத்தைக் காட்டி வந்துள்ளனர். இவ்வளவும் தாராவிக்கு ஒரு கூப்பிடு தொலைவில் உள்ளன. எனினும், இடையே ஓடும் ரயில் பாதையைக் காட்டிலும் அகலமானதொரு தயக்கம் எம்மக்களைத் தடுத்து நிறுத்துகிறது. "அது படித்தவர்கள் விஷயம்" என்பதே அத்தயக்கத்தின் பெயர்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்கென வந்த நம்மவர் தலைமுறை தலைமுறையாக வாழும் சந்து ஒன்றில் நுழைந்தோம். முறுக்கு சுடும் எண்ணெய் மணம் வீசிற்று. குழந்தைகள் ஒரு மீட்டர் நீளமுள்ள குழாய்த் துண்டு ஒன்றுடன் காத்திருந்தனர். மே 15 ஐ நாம் தேர்ந்தெடுத்த காரணம் இதுதான்: பூமியின் அச்சு இருபத்து மூன்றரைப் பாகை சாய்ந்திருப்பதால், சூரியன் ஆண்டுதோறும் வடக்கும் தெற்குமாக நகர்வதுபோல் தோன்றுகிறது. அது கடக ரேகைக்கும் மகர ரேகைக்கும் இடைப்பட்ட ஒவ்வோர் ஊருக்கும் ஆண்டில் இரு நாள் நேர் உச்சியில் வந்து நிற்கும். அந்நேரத்தில் செங்குத்தாக நிற்கும் பொருளுக்கு நிழல் புறத்தே விழாது. தில்லிக்கு இக்காட்சி என்றுமே இல்லை. 19 பாகையிலுள்ள மும்பைக்கு மே 15 ஐ ஒட்டியும், ஜூலை 27, 28 ஐ ஒட்டியும் வாய்க்கிறது. ஜூலையில் மழைமேகம் மறைத்துவிடும். ஆகவே மே மாதமே நமக்குக் கதி.

சந்தின் நடுவே குழாயை நட்டோம். முறுக்கு சுடும் அம்மையார் ஒருவர் எட்டிப் பார்த்து, "வைகாசி பிறக்கும்போதுதானே! இந்தச் சந்துக்குள் வெயில் கிணற்றில் இறங்குவதுபோல் இறங்கும். அரை மணி நேரம் இருக்கும். நான் வடகம் காயவைப்பது அப்போதுதான்" என்றார். நாம் பஞ்சாங்கத்தையும் அட்டவணையையும் பார்த்துக் கணக்கிட்ட நாளை அவர் வடகத்தைக் கொண்டே அறிந்திருந்தார்! உயர்ந்த சுவர்களுக்கிடையே காலை வெயிலும் மாலை வெயிலும் நுழையா. ஆனால் உச்சிச் சூரியனைக் காண்பதற்கு அகன்ற மைதானமும் வேண்டியதில்லை, மாடி வீடும் வேண்டியதில்லை; ஒரு முழ வானம் போதும். அந்த ஒரு நிகழ்ச்சியில் தாராவிச் சந்து மலபார் ஹில் மாளிகைக்கு எள்ளளவும் தாழ்ந்ததன்று.

மணி 12.30 ஆயிற்று. நிழல் குறுகிற்றேயன்றி மறையும் குறி காணோம். ஒரு பக்கமாகச் சாய்ந்து ஒரு விரற்கடை நிழல் பிடிவாதமாய் நின்றது. குழந்தைகளின் முகம் வாடிற்று, நமக்கும் வியர்த்தது. அதுவரை வாயிற்படியில் கைகட்டி நின்ற கொத்தனார் ஒருவர் இறங்கி வந்தார். "கம்பு சாய்ந்து நிற்கிறது, தம்பி. தரையும் சாக்கடைப் பக்கம் வாட்டமாக இருக்கிறது. கோணலாக நட்டுவிட்டுச் சூரியனைக் குறை சொல்லலாமா?" என்றார். வீட்டிலிருந்து தூக்குக்குண்டும் ரசமட்டமும் கொண்டுவந்தார். ஒரு பலகையை இட்டு, அடியில் ஓட்டுச் சில்லு சொருகி மட்டம் பார்த்தார். குண்டுநூலைத் தொங்கவிட்டுக் குழாயை நிமிர்த்தினார். 12.35 க்கு நிழல் அறவே மறைந்தது. சந்து முழுதும் கூவிற்று. பெண்கள் தம்ளர்களைக் கவிழ்த்து வைத்துப் பார்த்தனர், எதற்கும் நிழலில்லை. காலையில் "படித்தவர்கள் விஷயம்" என்று சொன்னவரும் அக்கொத்தனாரேதான். அவருடைய மகன் தந்தையை அன்று பார்த்த பார்வையை நாம் மறக்கமாட்டோம்.

அதற்குள் திருநெல்வேலியிலிருந்து தொலைபேசி வந்தது. ஒரு பையனுடைய சித்தப்பாவிடம், அதே நீளமுள்ள கம்பை அங்கே நட்டு, நிழல் மிகக் குறுகும் நேரத்தில் அளக்கும்படி முன்னரே சொல்லியிருந்தோம். "12.16 க்கு 18 சென்டிமீட்டர். நிழல் தெற்கே விழுந்தது" என்றார் அவர். அங்கே உச்சிச் சூரியன் ஏப்ரல் 12, 13 வாக்கிலேயே, சித்திரை பிறப்பதற்கு ஓரிரு நாள் முன்பே, வந்துவிட்டு வடக்கே நகர்ந்துவிட்டது. சித்திரைப் பிறப்பில் நெல்லையில், வைகாசிப் பிறப்பில் மும்பையில்; நம் பெற்றோர் ரயிலில் வந்த வழியைச் சூரியன் ஒரு மாதத்தில் கடக்கிறது.

குழந்தைகள் தாளில் முக்கோணம் வரைந்து பாகைமானியால் அளந்தனர். கோணம் ஏறக்குறைய 10.3 பாகை. இரண்டு ஊருக்கும் நேர் வடக்குத் தெற்குத் தூரம் ஏறக்குறைய 1,140 கிலோமீட்டர். ஒரு முழு வட்டமான 360 பாகையில் 10.3 சுமார் முப்பத்தைந்து முறை அடங்கும். 1,140 ஐ 35 ஆல் பெருக்கினால் 39,900. பூமியின் சுற்றளவோ ஏறக்குறைய 40,000 கிலோமீட்டர்! இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எரட்டோஸ்தனிஸ் என்னும் அறிஞர் இரு ஊர்களைக் கொண்டு செய்த கணக்கும் இத்தகையதே. நாம் ஊரைப் பிரிந்து வந்த தூரத்தை எத்தனையோ முறை ஏக்கத்தோடு எண்ணியிருக்கிறோம். அத்தூரமே உலகை அளக்கும் கோலாகப் பயன்படுமென்று அன்றுதான் அறிந்தோம்.

மாலையில் சில குடும்பங்களோடு செம்பூருக்குச் சென்றோம். அதே டிராம்பே சாலையில் இன்னும் சிறிது தொலைவு போனால், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் 1974 இல் தொடங்கிய ஹோமி பாபா அறிவியற் கல்வி மையம் மான்குர்த்தில் உள்ளது. 2025 ஆகஸ்டில் அம்மையம் மும்பையில் நடத்திய அனைத்துலக வானியல் ஒலிம்பியாடுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து மாணவர் வந்தனர். அம்மையத்தை நெடுங்காலம் நடத்திய வி. ஜி. குல்கர்னி, பிள்ளைகள் விஞ்ஞானத்தில் பின்தங்குவதற்குப் பாடநூலின் கடுமொழியும் ஒரு காரணம் என்பதையும், மொழியை எளிதாக்கினால் அறிவு தெளிவதையும் துணைவரோடு ஆராய்ந்து 1980களின் தொடக்கத்திலேயே எழுதினார். கொத்தனாரின் மொழியில் கற்ற பின்னர் அவ்வுண்மையை நாம் ஐயுற இடமில்லை.

சேடா நகர்க் குன்றின்மேல் திருமுருகனைத் தொழுதபின், குழந்தைகள் கையை நீட்டி முட்டி பிடித்து வானத்தை அளந்தனர். நீட்டிய கையின் ஒரு முட்டி ஏறக்குறைய 10 பாகை. வடக்கே நெடுநேரம் தேடியபின் துருவ நட்சத்திரம் மங்கலாய்ப் புலப்பட்டது. அடிவானத்திலிருந்து இரண்டு முட்டி உயரம். நெல்லையில் அஃது ஒரு முட்டிகூட இராது. உடன்வந்த ஆச்சி ஒருவர் ஏழு முனிவரைச் சுட்டினார். கிழக்கே சுவாதியையும் தென்கிழக்கே சித்திரையையும் பெயர் சொல்லிக் காட்டினார். "அருந்ததி எங்கே, ஆச்சி?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "ஊரில் தெரிந்தாள், அம்மா. இந்த விளக்கு வெளிச்சத்தில் என் கண்ணுக்குத் தெரியவில்லை" என்றார் அவர். வொர்லியிலிருந்து திரும்புகையில் நம்மைக் கேள்வி கேட்டவள்தான் அச்சிறுமி. இப்போது அவள் ஆச்சியின் பக்கத்தை விட்டு அகலவில்லை.

மாசி மாதத்து இரவு ஒன்பது மணியளவில் தெற்கே அகத்திய மீனையும் இங்கிருந்து காணலாம். பொதிகை நாட்டில் அது மூன்று முட்டி உயரம் எழும். மும்பையில் இரண்டு முட்டிக்குச் சற்றுக் குறைவு. ஆகவே அகத்தியனும் துருவனும் இங்கே ஏறக்குறைய ஒரே உயரத்தில் நிற்கின்றனர்.

நேயர்களுக்கு நாம் வேண்டிக்கொள்வது இவ்வளவே. கோளரங்கத்துக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். அதனோடு நிற்க வேண்டாம். வரும் வைகாசிப் பிறப்பன்று பகல் 12.35 க்கு உங்கள் வாயிலில் ஒரு கம்பை நடுங்கள். சித்திரைப் பிறப்புக்கு ஊருக்குச் செல்வோர் அங்கே ஓரிரு நாள் முன்னதாகவே நட்டுப் பாருங்கள். அளவு சரியாக வராவிடில், அக்கம்பக்கத்திலுள்ள கொத்தனாரை அழையுங்கள். ஆச்சிமார்க்குத் தெரிந்த விண்மீன் பெயர்களைக் குழந்தைகளைக் கொண்டு எழுதி வையுங்கள். நம் சங்கத்து அன்பர்கள் அனுப்பும் அளவுகளையும் பெயர்களையும் ஒருங்கே தொகுக்க எண்ணியுள்ளோம். அடுத்த ஆண்டு மே 15 இல் தூக்குக்குண்டுடன் முன்னதாகவே வந்துவிடுவதாகக் கொத்தனார் அண்ணாச்சி வாக்களித்திருக்கிறார்.