இளைப்பாற ஒரு மலையூர்

நமது ஊரின் பெயரிலேயே ஒரு மலை இருக்கின்றது. எனினும் கோணமலை கடலினின்றும் செங்குத்தாய் எழுந்த கற்பாறையாதலால், பனியும் தேயிலையும் சூழ்ந்த மலைவாழ்வைக் கடற்கரையாராகிய நாம் அறியோம். உவர்மலையில் ஏறி இறங்குதலே நம்மிற் பலர்க்கு மலையேற்றம். ஆனால் இத்துறைமுகத்தில் வந்து தங்கிய படையினரோ மலையின் பயனை நன்கறிந்திருந்தனர். 1795ஆம் ஆண்டில் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைக் கைப்பற்றிய ஆங்கிலேயர், 1957 ஒக்டோபர் 15இல் தமது கடற்படைத் தளத்தை இலங்கை அரசிடம் ஒப்படைத்தனர். இடைப்பட்ட காலத்தில் இவ்வூரின் வெப்பமும் காய்ச்சலும் அவர்களைப் பெரிதும் வாட்டின. ஊவா மலைச்சாரலிலுள்ள தியத்தலாவையில், 1900ஆம் ஆண்டு போயர் போர்க்கைதிகளை வைத்திருத்தற்கென எழுந்த முகாம், பிற்காலத்திற் படையினர் இளைப்பாறும் இடமாயிற்று. நமது துறைமுகத்திற் களைத்த கப்பலாட்களும் அங்கு அனுப்பப்பட்டு, சில வாரங்கள் குளிர்காற்றை நுகர்ந்து மீண்டனர்.

நுவரெலியாவின் கதையும் ஏறக்குறைய இதுவே. படைத்தலைவராயிருந்து தேசாதிபதியான எட்வேட் பாண்ஸ் என்பார், நோயுற்ற படையினர் உடல் தேறுதற்கென 1820களின் இறுதியில் அவ்வூரை ஒழுங்கு செய்வித்தார். கடலுக்கு அப்பால் நீலகிரியிலோ, கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் 1819இல் மலையேறி, கோத்தகிரிக்கு அண்மையிலுள்ள கன்னேரிமுக்கில் முதல் இல்லம் அமைத்தார். பின்னர் உதகமண்டலம் எழுந்தது. அடுத்துக் குன்னூரின் அருகே வெல்லிங்டனிற் படைவீடுகள் எழுந்தன. இவையெல்லாம் சில திங்கள் தங்கி, உடல் தேறி, மீண்டும் சமவெளிக்கு இறங்குவோர்க்கென அமைந்தவை என்பதை அன்பர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும். நம் ஊர் இந்துக் கல்லூரிக்குத் தலைமை தாங்கிய விபுலாநந்த அடிகளாரும் இமயச் சாரலில் மாயாவதியிலும், பின்னர் நமது மலைநாட்டு ரொசல்லையிலும் தங்கித் தமிழ்ப்பணி புரிந்தார். துறவிக்கும் நோய் தீர வந்த வீரனுக்கும் மலை பொருந்தும். அவர்கள் கொண்டு செல்லும் மூட்டை சிறிது. மனைவி மக்களோடு சென்று அங்கேயே மூப்படையக் கருதும் குடும்பத்துக்கு அது பொருந்துமா என்பது வேறு வினா. அவ்வினா 2023ஆம் ஆண்டில் எம்மிடம் வந்தது.

எமது தந்தையார் காலத்தில் எமக்கு அயல்வீட்டாராக ஒரு குடும்பத்தினர் இருந்தனர். மலைநாட்டில் பிறந்து, துறைமுகத்தில் தொழில் புரிந்தவர் அக்குடும்பத் தலைவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி உடன்படிக்கையின்படி அவர்களுக்கு இந்தியக் குடியுரிமை கிடைத்திருந்தது. போவதா இருப்பதா என்று பல்லாண்டு தயங்கியவர்கள், 1983 ஆடிக் கலவரத்தின் பின் தயக்கம் நீங்கித் தலைமன்னாரிற் கப்பலேறினர். அப்போது அவர்களது மகளுக்கு வயது இரண்டு. திருச்சிப் பக்கத்தில் குடியமர்ந்து, அங்கேயே வளர்ந்து, மதராஸ் படைப்பிரிவைச் சேர்ந்த ஓர் இளைஞரை அவள் மணந்தாள். தந்தையர் இருவரும் மறைந்த பின்னரும் கடிதப் போக்கு நிற்கவில்லை. இன்றும் எம்மை அண்ணா என்றே அழைக்கின்றாள்.

படை என்னும் சொல் நம் ஊரார் செவிக்கு இனியதன்று. அதன் காரணத்தை இம்மலரைப் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஆயினும் வறண்ட இராமநாதபுரச் சீமையிற் பிறந்து, பதினெட்டு வயதில் வயிற்றுப்பாட்டுக்காகச் சீருடை அணிந்து, 28 ஆண்டுகள் பனியிலும் பாலையிலும் காவல் நின்று, சுபேதாராக ஓய்வு பெறும் ஒரு மனிதரை எம்மால் அன்போடன்றி நோக்க இயலவில்லை.

அவர் படைப்பயிற்சி பெற்ற இடம் வெல்லிங்டன். இளமையில் அங்குக் கண்ட மலை அவர் நெஞ்சை விட்டு நீங்கவேயில்லை. ஓய்வு பெற்றவுடன் கோத்தகிரிக்கு அப்பால், கோடநாட்டுக்குச் செல்லும் வழியில், தேயிலைச் சரிவொன்றில் சிறு நிலம் வாங்கி வீடு கட்டுதல் வேண்டும் என்று உறுதி கொண்டார். கையிற் கிடைக்கும் தொகை முழுவதும் அதற்கே சரியாகும். நிலத்தின் படங்களைக் கைப்பேசியில் எமக்கும் அனுப்பினார். முகில் கீழே கிடக்க, சரிவு பசுமையாய் இறங்க, உண்மையிலேயே கண்கொள்ளாக் காட்சிதான். அவளோ தனியே எம்மோடு பேசுகையில், "அண்ணா, இவருக்குக் காட்சி வேண்டும், எனக்குக் கடை வேண்டும்" என்றாள். இருவரும் நேரில் வருமாறு அழைத்தமையால், சித்திரை விடுமுறையில் பலாலியிலிருந்து சென்னைக்கு விமானத்திலும், அங்கிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் புகைவண்டியிலும் சென்று, பேருந்தில் மலையேறினோம்.

கோத்தகிரி ஆறாயிரம் அடி அளவில் நுவரெலியாவோடு ஒத்த உயரமுடையது. ஆனால் நுவரெலியாவைப் போன்ற ஆரவாரம் இல்லை. கடைத்தெருவில் படகர் மொழியும், கொங்குத் தமிழும், எம் செவிக்கு மிகப் பழகிய வேறொரு தமிழும் கேட்டன. அது பதுளை, அட்டன் பக்கத்துத் தமிழ். இலங்கையிலிருந்து சென்றவர்க்குத் தொழில் அளித்தற்கென 1968இல் தமிழ்நாட்டரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்கள் இம்மாவட்டத்திலேயே உள்ளன. அவளுடைய தாய்வழி உறவினர் சிலரும் இவ்வூரிலேயே வாழ்கின்றனர்.

மழையைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும்; தமிழாசிரியர்க்கு ஐந்திணையைப் பற்றிப் பேசுகையில் மழையைத் தாண்டிச் செல்ல மனம் வராது. நீலகிரியின் மேற்குப் புறமாகிய கூடலூர்ப் பக்கத்தில் ஆனி ஆடியிற் பெருமழை கொட்டும். கோத்தகிரிக்கும் அப்புறத்துக்கும் இடையே 2,637 மீற்றர் உயரமுள்ள தொட்டபெட்டா நிற்கின்றமையால், தென்மேற்குப் பருவக்காற்றின் வலிமை இங்குக் குறைந்து விடுகின்றது. கோத்தகிரிக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றோடு வருவது. அஃதாவது, திருகோணமலைக்கு மழை தரும் அதே பருவக்காற்று அங்கும் மழை தருகின்றது. இதனைச் சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. ஆனால் அதே மழைதான் 2009 நவம்பரில் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளில் மண்சரிவுகளை உண்டாக்கி, நாற்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. நமது ஊவாவிலும் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டக் குடியிருப்பு மண்ணிற் புதையுண்டதை நாம் மறந்திலோம். ஆகவே சரிவு நிலத்தைச் சித்திரையிற் பார்த்து வாங்குதல், பெண்ணின் குணத்தை மணப்பந்தலிற் கண்டறிய முயல்வது போன்றதாம். கார்த்திகையில் அந்நிலத்தில் நீர் எவ்வழி ஓடுகின்றது என்று பார்த்தவனே அதனை அறிந்தவன்.

மறுநாட் காலையில் அந்த நிலத்தைக் காணச் சென்றோம். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து நிலம் வரை கற்படிகள். சுபேதார் முன்னே துள்ளி ஏறினார். அவள் காய்கறிப் பையோடு பின்னே வர, யாம் அவளுக்குத் துணையாகப் படிகளை எண்ணிக்கொண்டே ஏறினோம். 112 படிகள். மூன்று இடங்களில் அவள் நின்று மூச்சு வாங்கினாள். யாம் நான்கு இடங்களில். அயலில் ஒரேயொரு வீடு. அதுவும் பூட்டிக் கிடந்தது. மாலையானாற் கரடி நடமாட்டம் உண்டென்றும், காட்டெருமைகள் தேயிலைக்குள் நிற்குமென்றும், வழியிற் கண்ட தோட்டத் தொழிலாளி ஒருவர் எவ்வித அச்சமுமின்றிச் சொன்னார்.

அன்றிரவு அவர்களோடு இருந்து கணக்குப் பார்த்தோம். ஓய்வு பெறும் படைவீரர் முதியவர் அல்லர் என்பதைப் பலர் நினைப்பதில்லை. அவருக்கு வயது 47. மகள் பத்தாம் வகுப்பு. இன்னும் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளாயினும் அவர் வேறு தொழில் பார்க்க வேண்டியவர். மகளுக்கு நல்ல பாடசாலை வேண்டும். ஓய்வூதியம் இறுதி ஊதியத்தில் ஏறக்குறைய பாதி. அவர் காலத்தின் பின் மனைவிக்கு வருவது, தொடக்கத்தில் குறித்த சில காலம் கூடுதலாயிருப்பினும், வழமையில் 30 வீதமே. இக்கடைசிக் கணக்கைச் சொல்வது எளிதன்று. மனைவி அருகிருக்கக் கணவன் இறப்பைப் பற்றிப் பேசுவதா என்று எவரும் தயங்குவர். அவளே பேசினாள். "அண்ணா, கட்டப்போகிற வீட்டில் அதிக நாள் இருக்கப் போகிறவள் நான்தானே?" என்றாள்.

அவ்வினாவுக்குப் பின் எமக்கு உரைக்க வேண்டுவது சிலவே. கணவனிலும் மனைவி ஆறேழு வயது இளையவளாயிருப்பது நம்மவரிடை வழக்கம். பெண்கள் நெடுநாள் வாழ்தலும் இயல்பு. எனவே இளைப்பாறும் ஊரைத் தேர்தற்கு அளவுகோல், எழுபது வயதில் தனித்திருக்கும் ஒரு பெண் ஒரு கையிற் பையோடு எவ்வளவு தூரம் நடப்பாள் என்பதே என்று யாம் கூறினோம். மருந்துக்கு எவ்வளவு தூரம்? மாலையில் வந்து எட்டிப் பார்ப்பவர் யார்? மழைநாளில் வழி திறந்திருக்குமா? இவற்றுக்கு விடை கண்டபின் காட்சியைத் தேடலாம்.

சுபேதார் எளிதில் இணங்கவில்லை. "வாத்தியாரையா, எங்கள் பீல்ட் மார்ஷல் மானெக்‌ஷாவே மலையைத்தான் தேர்ந்தார்" என்றார். உண்மைதான். 1973இல் ஓய்வு பெற்ற மானெக்‌ஷா குன்னூரிலேயே வாழ்ந்தார். ஆனால் குன்னூரிலிருந்து வெல்லிங்டன் மூன்று கிலோமீற்றர் அளவே. அங்குப் படையினரின் பெரிய வைத்தியசாலை உண்டு. 2008 ஜூன் 27இல் அவர் உயிர் நீத்ததும் அவ்வைத்தியசாலையிலேயே. காட்சியை நாடி அவர் வைத்தியசாலையைக் கைவிட்டாரல்லர் என்று யாம் மறுமொழி கூறினோம். அவர் துணைவியார் அவருக்கு முன்னரே, 2001இல், மறைந்தார் என்பதையும் சொல்லி, எமது கணக்கு எல்லோர்க்கும் பொருந்துவதன்று என்பதை ஒப்புக்கொண்டோம். விதியின் கணக்கை எந்தக் கச்சேரியிலும் பார்க்க இயலாது.

எனின் குன்னூருக்கே செல்லலாமே என்று அன்பர்கள் வினவலாம். அவர்களும் அதனை ஆராய்ந்தனர். வைத்தியசாலை, படையினர் பண்டகசாலை, அரவங்காட்டு வெடிமருந்துத் தொழிற்சாலை, நல்ல பாடசாலைகள் யாவும் அண்மையில் உள்ளன. ஆனால் வீட்டு வாடகையும் நிலவிலையும் சுபேதாரின் கைக்கு எட்டாதவை. பெருஞ்செல்வர்கள் கோடைக்கு மட்டும் வந்து தங்கும் மாளிகைகள் பெருகினமையால், ஆண்டு முழுதும் வாழ விரும்புவோர்க்கு இடம் சுருங்கிவிட்டது. இஃது எமக்குச் சினமூட்டுகின்ற செய்தி; பதினொரு திங்கள் பூட்டிக் கிடக்கும் வீடுகளால் ஓர் ஊர் ஊராகாது.

இறுதியில் அவளே வழி கண்டாள். கோத்தகிரிக் கடைத்தெருவுக்கு அண்மையில், பேருந்து நிலையத்துக்கு நடந்து செல்லும் தூரத்தில், சமநிலத்தில் ஒரு சிறு வீட்டை ஓராண்டு வாடகைக்கு எடுத்தனர். குன்னூருக்கும் வெல்லிங்டனுக்கும் இருபது கிலோமீற்றர் அளவு, பேருந்து உண்டு. தாய்வழி உறவினர் இரண்டு தெரு தள்ளி. நிலம் வாங்கும் பணத்தை வங்கியில் விட்டனர். ஒரு கார்த்திகையைக் கடந்த பின்னரே எதையும் வாங்குவதென்பது அவளது நிபந்தனை. அதற்குச் சுபேதார், கட்டளைக்குப் பழகியவராதலால், "சரி" என்று ஒரு சொல்லிற் பணிந்தார்.

அவ்வாண்டு மார்கழியில் வந்த அவளது கடிதத்தில், மழை தவறாது வந்ததென்றும், கோடநாட்டு வழியில் இரு நாட்கள் பேருந்து ஓடவில்லையென்றும் கண்டோம். மகளுக்கு நடந்து செல்லும் தூரத்திற் பாடசாலை. கணவருக்குத் தோட்டமொன்றில் வாகனப் பொறுப்பாளராக வேலை. ஊர்ப் பெண்கள் சிலர் மாலையில் வந்து அமர்ந்து, இலங்கையின் கதை கேட்கின்றனராம். இரண்டு வயதில் விட்டு வந்த ஊரைப் பற்றித் தான் என்ன சொல்வது என்று எழுதி, கோணேசர் கோயிலின் படமொன்றும் துறைமுகத்தின் படமொன்றும் அனுப்புமாறு கேட்டிருந்தாள். அனுப்பினோம். சுபேதார் ஞாயிறுதோறும் அந்த 112 படிகளையும் ஏறி, இன்னும் விற்கப்படாத நிலத்தில் சிறிது நேரம் நின்றுவிட்டு வருகின்றாராம். வரும்போது கடைக்குச் சென்று காய்கறியும் வாங்கி வருவதால், அவள் அதனைத் தடுப்பதில்லை.