ஆயா, நீ எங்க இருக்க?

பௌர்ணமி ராத்திரியில திருவண்ணாமலை கிரிவலம் போயிருக்கீங்களா? 14 கிலோமீட்டர். ரோடு முழுக்கத் தலை. அந்தக் கூட்டத்துல கூட வந்தவங்களைத் தவற விட்டிருக்கீங்களா? நான் விட்டிருக்கேன். எங்க ஆயாவை!

வருண லிங்கத்தைத் தாண்டி சுக்கு காபி வாங்கத் திரும்பினேன். ரெண்டே நிமிஷம். ஆயாவைக் காணோம். கொஞ்ச தூரத்துல அந்தப் பச்சைப் புடவை தெரிஞ்சது. கையை ஆட்டினேன். என் பக்கம் பார்த்தாங்க... அப்படியே திரும்பி நடந்துட்டாங்க. அப்புறம்தான் உறைச்சது, ஆயாவுக்குக் கண்ணுல புரை. எனக்கு அவங்க தெரிஞ்சா அவங்களுக்கும் நான் தெரிவேன்னு நானா நினைச்சுக்கிட்டேன்.

அடுத்த அரை மணி நேரம் போன் கிடைக்கலை. கடைசியில யாரோ ஒரு அக்காவோட செல்லுல இருந்து ஆயாவே கூப்பிட்டாங்க.

"ஆயா, நீ எங்க இருக்க?"

"இங்கதான் கண்ணு இருக்கேன்."

‘இங்க’ன்னா எங்க? போனை வாங்கின அக்கா, "வாயு லிங்கம்மா"ன்னாங்க. ஓடினேன். நான் போறதுக்குள்ள ஆயா நடையைக் கட்டிட்டாங்க. கடைசியா குபேர லிங்கத்துக்கிட்ட கண்டுபிடிச்சேன். ஹாயா உட்கார்ந்து சுக்கு காபி குடிச்சிட்டிருந்தாங்க!

இந்தக் கதை எதுக்குன்னு கேக்கறீங்களா? எங்க மூணாவது வருஷ ஈ.சி.ஈ. மினி புராஜெக்ட் முழுக்க இந்த ஒரே பிரச்னைதான். பேர் மட்டும் பெருசு: பீம்ஃபார்மிங் ஃபீட்பேக்.

கார்த்திகை தீபத்தன்னைக்கு 2,668 அடி மலை உச்சியில ஏத்தற தீபம் எல்லாத் திசைக்கும் வெளிச்சம் தரும். சாதாரண ஆன்டெனாவும் ஏறக்குறைய அப்படித்தான். ஆனா உங்க போன் இருக்கறது ரூம்ல ஒரு மூலையில. மத்த பக்கம் போற சக்தி வீண்தானே? அதனால ரவுட்டர் தன்னோட நாலு ஆன்டெனாவுல இருந்தும் ஒரே சிக்னலை, அலையைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்தி அனுப்பும். நாலு அலையும் உங்க போன் இருக்கற இடத்துல ஒண்ணா ஏறி ஒண்ணா இறங்கும். ஆளாளுக்கு இழுத்தா நகராத தேர், ஒரே மூச்சுல வடம் பிடிச்சா நகருதே, அந்த மாதிரி.

இப்படிப் பல ஆன்டெனாவை ஒண்ணா வேலை வாங்கற வித்தையில நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தருக்குப் பெரிய பங்கு இருக்கு. பொள்ளாச்சியில பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ். இந்தியக் கடற்படையில இருந்தப்ப கப்பலுக்கு சோனார் செய்யற குழுவை நடத்தினவர். அப்புறம் ஸ்டான்ஃபோர்டுல மைமோவுக்கு வழி போட்டார். அதுக்கான பேடன்ட் 1994-ல வந்தது. 2014-ல மார்கோனி பரிசு வாங்கினார்.

சரி, அலையை எவ்வளவு முன்னே பின்னே நகர்த்தணும்? சுவர், பீரோ, ஆளுங்க மேல பட்டுத் திரும்பற பாதையெல்லாம் ரவுட்டருக்குத் தெரிஞ்சாதான் அதைக் கணக்குப் போட முடியும். தெரிஞ்சுக்க ரெண்டு வழி.

ஒண்ணு, இம்ப்ளிசிட். போன் அனுப்பற சிக்னலைக் கேட்டு, ‘வர்ற பாதைதான் போற பாதையும்’னு ரவுட்டரே ஊகிக்கும். போன்கிட்ட பதில் கேட்கவே வேண்டாம். காத்தைப் பொறுத்தவரைக்கும் இந்த ஊகம் சரிதான். ஆனா அனுப்பற சர்க்யூட் வேற, வாங்கற சர்க்யூட் வேற. ரெண்டையும் ஒப்பிட்டுச் சரி பண்ணலைன்னா, ஆயாவுக்குக் கை ஆட்டின கதைதான். ரோடு ஒண்ணு, கண்ணு வேற!

ரெண்டாவது, எக்ஸ்பிளிசிட். ரவுட்டர் ஒரு சோதனை சிக்னல் அனுப்பும். போன் அளந்து பார்த்துப் பதில் சொல்லும். நம்பகமான வழிதான், ஆனா பதில் சொல்ல நேரம் ஆகும். லேட்டானா ஆள் இடம் மாறியிருப்பார். வாயு லிங்கம் காலி!

2009-ல வந்த 802.11என் தரத்துல இம்ப்ளிசிட்டும் இருந்தது. எக்ஸ்பிளிசிட்டுல மூணு வகையும் இருந்தது. எதுவும் கட்டாயம் இல்லை. எல்லாரையும் திருப்திப்படுத்தியாச்சு. என்ன ஆச்சு? ஒரு கம்பெனி ரவுட்டர் ஒரு முறை, இன்னொரு கம்பெனி போன் வேற முறை. ரெண்டும் ஒண்ணை ஒண்ணு பார்த்து முழிச்சதுதான் மிச்சம். புத்தகத்துல இருந்த பீம்ஃபார்மிங் வீட்டுக்கு வந்து சேரவே இல்லை.

2013-ல வந்த 802.11ஏசி தரம் அந்த லிஸ்ட்டையெல்லாம் அடிச்சுட்டு ஒரே ஒரு முறையை வெச்சுது. ரவுட்டர் முதல்ல ‘அளக்கப் போறேன்’னு அறிவிக்கும். அடுத்து, உள்ளே தகவலே இல்லாத ஒரு வெறும் சிக்னல். போன் அதை அளந்து, விடையைச் சுருக்கி, கோணங்களா அனுப்பும். வை-ஃபை 6, வை-ஃபை 7 எல்லாம் வந்த பிறகும் அடிப்படை இதே வழிதான்.

அதென்ன சுருக்கறது? ‘பெரிய வேப்பமரத்துக்கு எதிர்ல, பூக்கடைக்குப் பின்னால’ன்னு சொல்றதுக்குப் பதிலா ‘வாயு லிங்கம்’னு மட்டும் சொல்றது. எட்டே லிங்கம்தான், 3 பிட் போதும் (பரீட்சை பிட் இல்லைங்க!). வை-ஃபையில, நாலு ஆன்டெனா ரவுட்டர், ஒரு ஆன்டெனா போன்னு வெச்சுக்குங்க. அப்படியே சொன்னா 8 எண்கள். எண்ணுக்கு 8 பிட்னா 64 பிட். இதுல ரெண்டு விஷயம் சொல்லாட்டியும் பீம் மாறாது. அதைக் கழிச்சா மிச்சம் 6 கோணம். மூணுக்கு 6 பிட், மூணுக்கு 4 பிட்னு வெச்சா 30 பிட்ல முடிஞ்சுடும். 80 மெகாஹெர்ட்ஸ் சேனல்ல இந்த மாதிரி 234 துணை அலைகளுக்குச் சொல்லணும். 14,976 பிட் எங்க, 7,020 பிட் எங்க!

இப்ப எங்க புராஜெக்ட்டுக்கு வரேன். ரெண்டு முறையையும் சிமுலேஷன்ல ஓட்டினோம். இம்ப்ளிசிட் அமோகமா ஜெயிச்சது. நாலு பேரும் குதிச்சோம். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி புரோகிராமைத் திரும்பப் படிச்சப்பதான் வயித்தைக் கலக்குச்சு. போற பாதைக்கும் வர்ற பாதைக்கும் ஒரே மேட்ரிக்ஸை எழுதி வெச்சிருந்தேன். அனுப்பற சர்க்யூட்டும் வாங்கற சர்க்யூட்டும் அச்சு அசல் ஒண்ணுன்னு நானே முடிவு பண்ணியிருக்கேன். ஆயாவுக்குக் கண்ணுல புரையே இல்லைன்னு எழுதிட்டு, ‘பாருங்க, கை ஆட்டினாலே போதும்’னு நிரூபிச்ச மாதிரி!

ஃப்ரெண்டுக்கு போன் போட்டேன். "இதை யாருடி கேக்கப் போறாங்க? கிராஃப் சூப்பரா இருக்கு, விட்டுடு"ன்னா. உண்மையைச் சொல்றேன், எனக்கும் விட்டுடத்தான் தோணுச்சு. ஆனா தூக்கம் வரலை. ராத்திரி 2 மணிக்கு உட்கார்ந்து, ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வித்தியாசம் சேர்த்து ஓட்டினேன். இம்ப்ளிசிட் கோடு சரசரன்னு கீழே இறங்குச்சு. காலையில ரெண்டு கிராஃபையும் காட்டினோம். சார் ரெண்டாவதையே பார்த்துட்டிருந்தார். "கேலிபரேஷன் பண்ணா என்ன ஆகும்? பண்ணிட்டு வாங்க"ன்னார். முதல்ல முடிச்ச டீம் நாங்க. அன்னைக்கே கடைசி டீம் ஆயிட்டோம். ரெண்டு நாள் என்கூட யாரும் பேசலை.

இம்ப்ளிசிட் மோசம்னு சொல்ல வரலை. 64 ஆன்டெனா வெச்ச 5ஜி டவர்ல ஒவ்வொரு போனும் அத்தனைக்கும் பதில் சொல்லிட்டிருந்தா நேரமெல்லாம் அதுக்கே போயிடும். அங்க டவர் தன் சர்க்யூட்டைச் சரி பண்ணிக்கிட்டு, போன் அனுப்பற சிக்னலைக் கேட்டே பீம் போடுது. பல நாட்டுல அப்படித்தான். அதனால ஒரு முறையைத் தேர்ந்தெடுக்கறப்ப ‘எது ஜெயிக்குது?’ன்னு மட்டும் கேக்காதீங்க. ‘எதை நம்பி ஜெயிக்குது?’ன்னும் கேட்டுடுங்க. எங்களுக்கு அதைக் கேக்க ஒரு வாரம் ஆச்சு.

அடுத்த பௌர்ணமிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே ஆயாகிட்ட சொல்லிட்டேன்.

"கூட்டத்துல தவறிட்டா, அடுத்து வர்ற லிங்கத்து வாசல்ல உக்காந்துடு. நகராத. போன்ல லிங்கத்தோட பேரை மட்டும் சொல்லு."

"நீ தொலைஞ்சா?"

"நானும் அதேதான் ஆயா."

"அப்ப சரி. ரெண்டு பேருக்கும் ஒரே சட்டம்"னாங்க ஆயா.