எக்ஸ்ஜே6: கண்ணுக்குப் படாத சொகுசு

பிரித்தானியச் சொகுசுக் கார் என்றதும் வால்நட் மரப்பலகையும் தோல் இருக்கையுமே பலர் நினைவுக்கு வருகின்றன. 1968இல் வெளிவந்த ஜாகுவார் எக்ஸ்ஜே6 காரிலும் அவை உண்டு. ஆயினும் அதன் மேன்மை எவரும் குனிந்து பாராத இடத்தில், ரப்பரில், இருந்தது.

முன், பின் சக்கரத் தொகுதிகளை உடற்கூட்டோடு நேரே முடுக்காமல், தனிச் சட்டகங்களில் ஏற்றி, இடையே ரப்பர்த் துண்டுகளை வைத்தனர். ரப்பர் மென்மையானால் சாலையின் இரைச்சல் அங்கேயே அடங்கும். ஆனால் வளைவில் வண்டி தளர்ந்து அலையும். கெட்டியானால் திருப்பம் கூர்மை பெறும், அமைதி போய்விடும். இவ்விரண்டும் ஒன்றையொன்று கெடுக்காத புள்ளியைத் தேடியவர் பொறியாளர் பாப் நைட். இக்காருக்கெனவே டன்லப் நிறுவனம் அகலமான டயர்களை உருவாக்கியது.

வடிவம் வில்லியம் லயன்ஸுடையது. அவர் தாளில் வரைந்து முடிப்பவர் அல்லர். முழு அளவு மாதிரியைச் செய்யச் சொல்லி, தம் வீட்டு வெளியில் இயற்கை ஒளியில் நிறுத்தி, கண்ணால் அளந்தே திருத்துவார். அந்தத் தாழ்ந்த கூரைக்கு விலை கொடுத்தவர்கள் பின்னிருக்கைக்காரர்கள்.

பிரெஞ்சில் வரவேற்புக் கூடத்தைக் குறித்த சொல்லே 'சலூன்' (தமிழில் அது முடிதிருத்தகத்தோடு நின்றுவிட்டது). எக்ஸ்ஜே6இன் கூடமோ குறுகல். கால் நீட்ட இடமில்லை. 1972இல் நான்கு அங்குலம் நீட்டிய வடிவம் வந்தது. அப்போதும் சிறந்த இருக்கை ஓட்டுபவருடையதே. முதலாளி பின்னால் சாய்ந்துகொள்ளும் ரோல்ஸ்ராய்ஸ் ஃபாண்டமுக்கு இது நேர்மாறு.