வளையிகளின் சராசரி

ஒரு பரிசோதனையைப் பன்முறை செய்து சராசரி காணல் வேண்டுமென்பது ஆய்கூடத்துட் புகும் மாணவன் முதலிற் கேட்கும் விதிகளுள் ஒன்று. தனி அளவாயின் இதில் இடர்ப்பாடு யாதுமில்லை. கம்பியொன்றின் தடிப்பை ஐந்திடத்தில் அளந்து, கூட்டி, ஐந்தாற் பிரித்தால் வேலை முடிந்தது. எண்களுக்குப் பதிலாக வளையிகள் பல கையிலிருப்பின் அவற்றை எங்ஙனம் கூட்டுவது?

நாம் கல்லூரியிற் பயின்ற நாளில் இவ்வினா நப்தலீன் வடிவில் வந்தது. பெட்டகத்துச் சேலைகளிடையே கிடக்கும் பூச்சியுருண்டையின் மணமே அன்று ஆய்கூடமெங்கும்! கொதிகுழாயில் நப்தலீனை உருக்கி, அது குளிருங்கால் வெப்பநிலையை நேரத்தோடு குறித்து வரைபு கீறுதல் வேண்டும். வளையி சரிந்து வந்து ஏறக்குறைய 80 பாகை சதமத்திற் கிடையாக நிற்கும். திரவம் உறையும்போது வெளிவிடும் மறைவெப்பம் இழப்பை ஈடுசெய்வதால் வரும் மட்டம் அது. முற்றும் உறைந்தபின் மீண்டும் சரியும்.

ஒரு தொகுதியினர் 30 செக்கனுக்கு ஒருமுறை வாசிப்பெடுத்தனர்; மற்றொரு தொகுதியினர் 40 செக்கனுக்கு ஒருமுறை. முன்னவர் 90ஆம் செக்கனிற் குறித்ததற்கு நேராகப் பின்னவரிடம் ஒன்றுமில்லை. 80இலும் 120இலுமே உண்டு. மூன்றாம் வாசிப்பை மூன்றாம் வாசிப்போடு கூட்டினால் வெவ்வேறு நேரங்களைக் கூட்டியதாகும். 80ஆம் செக்கனில் 92 பாகை, 120ஆம் செக்கனில் 88 பாகை எனின், 90ஆம் செக்கன் அவ்விடைவெளியின் காற்பங்கிலுள்ளது. ஆதலால் 91 பாகை. இவ்வாறு இடைச்செருகிப் பொதுவான நேரங்களிற் பெறுமானம் கண்டபின்னரே சராசரி. அதுவும் அளந்த எல்லைக்குள் மட்டுமே. பன்னிரண்டாம் நிமிடத்தில் மணியடித்ததென்று எழுந்து சென்றோரின் வளையியைப் பதின்மூன்றாம் நிமிடத்துக்கு நீட்டுதல் ஆகாது. அவர்களை விட்டுவிட்டு ஏனையோரைக் கொண்டு தொடர்ந்தாலோ, குழாயில் யாதும் நிகழாமலே அவ்விடத்திற் கோடு சடுதியாகத் துள்ளும்.

இத்துணையும் கணக்கு. இனி வருவதே பெரிய இடர். ஒரு குழாய் நான்காம் நிமிடத்தில் 80 பாகையை அடைந்து ஒன்பதாம் நிமிடம்வரை அங்கு நிற்கிறது. கூடுதலாகச் சூடேற்றிய மற்றது ஆறாம் நிமிடத்தில் அடைந்து பதினொன்றுவரை நிற்கிறது எனக் கொள்வோம். இரண்டும் ஐந்து நிமிட மட்டம் உடையன. நேரத்துக்கு நேரம் சராசரி எடுத்தாலோ மூன்று நிமிட மட்டமே எஞ்சும். இருபுறமும் எக்குழாயும் காட்டாத சாய்வுகள் தோன்றும். பத்துக் குழாய்களின் நேரங்கள் மேலும் சிதறியிருப்பின் மட்டமே மறைந்து, உறைதல் நிகழவேயில்லை என்று சொல்லும் வழுவழுப்பான கோடொன்று கிடைக்கும். கீறியவனுக்கு அதுவே வகுப்பின் சிறந்த வரைபாகத் தெரியும்!

எம் ஆசிரியர் அக்கோட்டை ஏற்கமாட்டார். ஒவ்வொரு வளையியும் 85 பாகையைக் கடக்கும் கணத்தைப் பூச்சியமாகக் கொண்டு நேரத்தை எண்ணுமாறு பணிப்பார். அன்றேல் மட்டத்தின் வெப்பநிலையையும் நீளத்தையும் தனித்தனியே சராசரி காணச் சொல்வார். தனி வாசிப்புகளை மையிலும் சராசரியைப் பென்சிலிலும் குறித்தல் வேண்டுமென்பதும் அவர் கட்டளை. இன்று கணினி இடைச்செருகலை இமைப்பொழுதிற் செய்துவிடுகிறது. எக்கணத்தைப் பூச்சியமாகக் கொள்வதென்பதையோ வரைபைப் பார்த்து மாணவனே சொல்லவேண்டியுள்ளது.

பிள்ளைகளின் வளர்ச்சியை ஆராய்ந்தோர்க்கும் இதே சிக்கல் நேர்ந்தது. பருவமடையுங்கால் உயரம் விரைந்தேறுவது ஒருவனுக்குப் பன்னிரண்டு வயதில், மற்றொருவனுக்குப் பதினைந்தில். வயதுக்கு வயது சராசரி கண்டால் அவ்விரைவு தட்டையாகி, நீண்ட மெல்லிய ஏற்றமாகிவிடும். ஆதலின் 1966இல் இங்கிலாந்தில் ரானரும் அவரோடு ஆய்ந்தோரும் வளர்ச்சி வரைபுகளை வெளியிட்டபோது, ஒவ்வொரு பிள்ளையும் மிக விரைந்து வளர்ந்த வயதை ஒன்றன்மேலொன்றாகப் பொருத்திய பின்னரே சராசரி கண்டனர். அங்ஙனம் பொருத்தாத கோட்டை நம்பும் தந்தை, பிந்தி வளரும் மைந்தனைக் கண்டு வீணே கலங்குவார். எம் வகுப்பிலும் உயரம் போதாதென்று முன்வாங்கில் இருத்தப்பட்ட இருவர், கல்லூரியை விட்டு நீங்கிய ஆண்டிற் பின்வாங்கிலிருந்தே எழுந்து சென்றனர்.